உப்பு நீங்கிய குளம்

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறையில்தான் குடியிருப்போர் சங்கத்தின் நிவாரணக் கிளை பிறந்தது. தொலைக்காட்சியில் புயல் செய்தியைப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டுப் பௌதி பழைய துணிகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். பௌதி என்றால் அண்ணி. என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் கட்டடமே அவளை அப்படித்தான் கூப்பிடும். வங்கி வேலையில் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த நான் மூட்டை கட்டப் போனேன். போனவளைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

முதலில் வந்த புயல்களுக்கெல்லாம் நாங்கள் செய்தது ஒன்றுதான். அரிசி, தார்ப்பாய், துணி. கானிங் வரை ரயில், அப்புறம் வேன், அப்புறம் படகு. கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். பிறகொரு புயலில் ஆற்றங்கரை உடைந்து, சுந்தரவனத்துக் கிராமம் ஒன்றில் உப்புநீர் புகுந்துவிட்டது. அங்கே சேலை கொடுத்துக்கொண்டிருந்தபோது, மகளிர் குழுவின் தலைவி என் கையைப் பிடித்துக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போனாள். குளம் நிறையத் தண்ணீர். ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கச் சொன்னாள். விட்டேன், உடனே துப்பினேன்.

"சேலை போதும் தீதி. முடிஞ்சா இந்த உப்பை எடுத்துட்டுப் போங்க" என்றாள் வங்காளியில்.

குளம் இறைப்பதெல்லாம் நிவாரணத்தில் சேருமா என்று எங்கள் கூட்டத்தில் ஒரே பேச்சு. அவர்கள் கேட்பதை விட்டுவிட்டு நமக்குத் தோன்றுவதைக் கொடுத்துவிட்டு வருவானேன் என்று பௌதி கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

டீசல் பம்பு வைத்து உப்புநீரை ஆற்றுக்கே இறைத்தோம். ஊர்ப் பெண்கள் அடிச்சேற்றை வழித்துக் கரையில் கொட்டினார்கள். சுண்ணாம்பு தூவினோம். அப்புறம் மழைதான் வர வேண்டும். அந்த வருஷம் கொல்கத்தாவே முழங்கால் தண்ணீரில் நின்று சலித்துக்கொண்டபோது, நான் மட்டும் பால்கனியில் நின்று, இன்னும் கொட்டட்டும் என்று சந்தோஷப்பட்டேன். மழை நின்றபின் விட்ட மீன்குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

மறு குளிர்காலத்தில் வலை வீசும் நாளுக்கு அழைத்தார்கள். மகளுக்குப் பரீட்சை என்று பௌதி வரவில்லை. கரையெல்லாம் ஜனம். வலை மேலே வந்ததும் வெயிலில் மீன்கள் துள்ளின. பெண்கள் சேறோடு சேறாகச் சிரித்தார்கள். தலைவி இருப்பதிலேயே பெரிய கட்லாவை வாழையிலையில் சுற்றி என்னிடம் நீட்டினாள். நான் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. கூட வந்திருந்த எங்கள் கிளையின் டாக்டர், தானே கொண்டுவருவதாகக் கை நீட்டினார். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை.

ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். இலைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டி முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி செதிலைத் தடவிப் பார்த்துப் பாராட்டினாள். இன்னொருத்தி, தலையைப் பருப்பில் போடாவிட்டால் பாவம் என்றாள். எந்தச் சந்தையில் வாங்கினேன் என்று கேட்டார்கள்.

"வாங்கல. எங்க குளத்துல வளர்ந்தது" என்று சொல்லிவிட்டேன். எங்கள் என்று வாயில் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாலிகஞ்ச் வரும்வரை அந்தக் குளத்தின் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மாடிப்படியில் என் கணவர் எதிரே வந்தார். மடித்த இலையையும் வாலையும் பார்த்தார்.

"இதை ஆத்துக்குள்ள கொண்டுவரப் போறயா?"

"இல்லை, பௌதிக்கு."

அவர் பெருமூச்சு விட்டு, ஒரு முனையைத் தானும் தாங்கிப் பிடித்துக் கீழ்வீடு வரை வந்தார். பௌதி அன்று கட்டடத்துக்கே சமைத்தாள். எங்களுக்குத் தனி அடுப்பில் பூரியும் உருளைக்கிழங்கும். சாப்பிட வந்தவர்கள் குளத்தின் கதையைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். கை கழுவிய கையோடு சிலர் கிளையில் சேர்ந்தும் விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்துக் கிராமத்துக் குளத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். படகில் உட்கார இடம் போதவில்லை. என் கணவர் நின்றுகொண்டே வந்தார்.