பிளாக்கில் புடைத்திருந்த நம்பர்

புதுவயலில் பழைய டிராக்டர்களைப் பிரித்துப்போடும் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மண்ணெண்ணெய் வாடை. எனக்கு அதுதான் அப்பாவின் வாடை.

நாச்சியாபுரத்தில் அப்பா எங்கள் டிராக்டர் எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவுவார். அதன் இரும்பு உடம்பான பிளாக்கில் புடைத்திருக்கும் நம்பர்மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, “வாசி ஆத்தா” என்பார். ஸ்பேர் கேட்டு மெட்ராசுக்கு எழுத அது வேண்டும். ஏழு எண்களையும் சத்தமாக வாசிப்பேன். எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது.

“அந்த எஞ்சினைப் பாக்குறதுல பாதி நேரம் எங்களப் பாக்குறீகளா?” என்பாள் அம்மா.

அப்பா இறந்த மாதமே வண்டியை விற்றுவிட்டார்கள். யாருக்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அந்த நம்பரைச் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போதும் பழைய டிராக்டரைக் கண்டால் குனிந்து பார்த்துவிடுவேன்.

இன்று துருப்பிடித்த ஒரு பிளாக்கில் சாக்பீஸைத் தேய்த்தேன். ஏழும் அதே எண்கள்.

“எங்க அப்பா வண்டி!” என்று கத்திவிட்டேன்.

கொட்டகை மெக்கானிக் தயங்கினார். “அது இரும்ப வார்க்கிற அச்சுலயே வர்ற நம்பரும்மா. இந்த மாடல்ல எல்லா பிளாக்குலயும் இதேதான் இருக்கும். வண்டிக்குன்னு தனி நம்பர் இங்குட்டு வெட்டியிருக்கும். ஒங்க வண்டி நம்பர் என்ன?”

ஐம்பது வருஷமாக ஒரு நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தேன். அவர் கேட்ட நம்பர் எனக்குத் தெரியவில்லை.