வசந்தா அக்காவும் எங்கள் சுனைத் தண்ணீரும்

ஜமுனாமரத்தூர் சந்தைக்குச் சாமை கொண்டுபோன அப்பாவிடம் பஸ் கண்டக்டர்தான் சொல்லியிருக்கிறார்: "தண்ணி புடிக்க வருவாங்களே டவுன் அம்மா, காய்ச்சல்ல பூட்டாங்களாம்." வசந்தா அக்கா இறந்துபோனதை அப்பா வந்து சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. இனி எங்கள் தண்ணீரை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் வசந்தா அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவதோடு நின்றவள்.

என் தங்கை மல்லிகாவுக்கு உள்ளங்கையும் பாதமும் தடித்துக் கறுத்துப்போயின. அதே சுனையில் குடிக்கும் வேறு சிலருக்கும் அப்படித்தான். தண்ணீரில் கொஞ்சூண்டு நஞ்சு இருக்கலாம் என்று அக்கா சந்தேகப்பட்டார். அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கிற மெஷின் இருக்கிறது, அதில் தெரியும் என்றார்.

முதல் தடவை, சுனைத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லிப் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். ஒன்றில் மட்டும் சுத்தமான தண்ணீர் இருந்தது. அதைச் சுனையருகே திறந்து மூடினால் போதும். கையாலும் காற்றாலும் சேரும் அழுக்கை அது காட்டிக்கொடுக்குமாம். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளிக்குக் கொடுப்பதைக் கழுவாமல் கொடுப்பார்களா? எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். அந்தப் பழைய தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைத்தார்.

மெஷின் என்னென்னவோ காட்டியதாம். சுனையில் இருந்தது எது, சாம்பலில் இருந்தது எது என்று பிரிக்க முடியவில்லை. திரும்பி வந்த அக்கா விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாம்மா பண்றது, அழுக்கா குடுக்கச் சொல்றியா?" என்று அம்மா முறைத்தார்.

"தப்பு என்னுதுதாங்க. மெஷினுக்குக் கண்ணு கூர்மையாக ஆக, நம்ம கைதான் மொதல்ல தெரியுது" என்றார் அக்கா.

மறுபடி அவரே கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நின்று பிடித்தார். அப்போதே இருமிக்கொண்டிருந்தார். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

அந்தத் தண்ணீர் உங்களிடம்தான் இருக்க வேண்டும். தயவுசெய்து பாருங்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொய் சொல்லாத அந்த வாய்தான். "இதைக் குடிக்கலாமாக்கா?" என்று மல்லிகா தினமும் கேட்கிறாள். எங்களுக்கு வேறு சுனை கிடையாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, மொண்டு கொடுக்கிறேன்.