கம்பி விலை கேட்ட நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி, கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினால் நான் வாக்கப்பட்டு வந்த ஊர். என் கணவர் ராணுவத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும் என் இரண்டு பெண் பிள்ளைகளும்தான்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மழை பெய்தால் வீட்டிலுள்ள குண்டான், சட்டி, வாளி அத்தனையும் நடுவீட்டுக்கு வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். சின்னவள் ஒழுகாத இடமாகப் பார்த்துப் படுத்துப் படுத்து, கடைசியில் நெல் குதிருக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கித் தூங்குவாள். அந்த வருஷம் லீவில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டே தீருவது என்று முடிவு செய்தார். சுத்துப்பட்டு ஊர்களில் வீடு வேலை என்றாலே ஒரு காண்ட்ராக்டர்தான். அவரைக் கூப்பிட்டுப் பேசினார். மொத்தம் எட்டாயிரம் ரூபாய், சாமான், கூலி எல்லாம் அதிலேயே அடக்கம். முன்பணம் மூவாயிரத்தை அவரிடம் கொடுத்து, மீதி ஐயாயிரத்தை என் கையில் வைத்துவிட்டு, லீவு முடிந்து இவர் ரயிலேறிவிட்டார்.

ஆவணியில் ஓட்டைப் பிரித்தார்கள். ஒரே நாளில் வீடு வானத்தைப் பார்த்து நின்றது. தேக்கு உத்திரங்களையும் கை மரங்களையும் இறக்கி முற்றத்து ஓரம் அடுக்கினார்கள். சுவரை உயர்த்தக் கொஞ்சம் செங்கல் வந்து இறங்கியது. அதோடு சரி. அப்புறம் ஆளையே காணோம். நாங்கள் நாலு பேரும் பின்கட்டில், சமையல் செய்கிற ஓலைக் கூரைக்குள் அடைந்து கிடந்தோம்.

புரட்டாசி பாதி போன பிறகு காண்ட்ராக்டர் புல்லட்டில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

“தாயி, கம்பி விலை ரெண்டு மடங்கு ஏறிப்போச்சு, கிலோ பத்து ரூவாங்கிறான். சிமெண்டுக்குப் பர்மிட்டு கெடைக்கல, வெளிய வாங்கணும்னா ஆன வெல குதுர வெல சொல்றான். பேசுனதுக்கு மேல இன்னும் ஆறாயிரம் ஆகும். பணத்தக் குடுத்தீகன்னா நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிருவேன்.”

“அம்புட்டுப் பணத்துக்கு எங்கண்ணே போறது? அவுக ஊருல இல்லாத நேரம்…”

“அதுக்கு நான் என்ன செய்ய? மழைக்காலம் வருது. பாத்துச் சொல்லி விடுங்க.”

மழைக்காலம் வருது என்று அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓட்டைப் பிரித்துவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்ற தைரியம் அதில் இருந்தது.

 மறுநாள் காலையில் மாமியார், “உன் சங்கிலிய வச்சு வாங்கிட்டு வா. ஆம்பளயில்லாத வீட்டுல வம்பு வேணாம்” என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. என் அப்பா போட்ட ஆறு பவுன் சங்கிலி. அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

அடகுக் கடை இருந்த தெருவில் அதற்கு நாலைந்து கடை முன்னாலேயே ஒரு பெரிய இரும்புக் கடை. வாசலில் கட்டுக் கட்டாகக் கம்பி. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.  கத்திரிக்காய் வாங்கினால்கூட நாலு கடை விலை கேட்கிறவள் நான். ஆறாயிரம் ரூபாய்ச் சமாச்சாரத்தில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் சங்கிலியை வைக்கப் போகிறோமே என்று சுருக்கென்றது.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு படியேறி, கம்பி கிலோ என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலை, காண்ட்ராக்டர் சொன்னதில் பாதிதான் இருந்தது. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம்.

“போன மாசம் என்ன வெலண்ணே?”

“போன மாசமும் இதே வெலதாம்மா. ஏன், யாரும் கூடச் சொன்னாங்களா?”

நான் அப்படியே அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கேட்கக் கேட்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டுக்கம்பி வாங்க வந்திருந்த ஒரு கொத்தனார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயசு இருக்கும். நான் முடித்ததும், “சாமான நீங்க வாங்கிப் போடுங்கக்கா. கூலிக்கு நான் ஆளோட வாரேன். ஞாயித்துக்கெழம வந்து எடத்தப் பாக்கட்டுமா?” என்றார். முன்பின் தெரியாத மனிதர். ஆனால் அதுவரை எனக்கு யாரும் வழி என்று ஒன்றைச் சொல்லவே இல்லையே. சரி என்றேன்.

அடகுக் கடைக்குள் நுழையவே இல்லை. முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஜல்லி, மணல், சென்ட்ரிங் பலகை வாடகை என்று பொழுது சாயும் வரை கடை கடையாக விசாரித்தேன். பழைய மரம் வாங்குகிற கடையிலும் கேட்டேன். எங்கள் வீட்டு உத்திரம் மாதிரியான தேக்குக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும்தான், “பழைய சாமானெல்லாம் எனக்கு” என்று காண்ட்ராக்டர் முதல் நாளே ஏன் சொல்லிவைத்தார் என்று புரிந்தது. வீடு திரும்பியபோது என் கழுத்தைப் பார்த்த மாமியார் கத்தித் தீர்த்துவிட்டார். பொம்பளை நின்று வீடு கட்டின கதை இந்த ஊரில் உண்டா என்று கேட்டார். இனிமேல் இருக்கட்டும் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் சொன்னபடி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கயிறு பிடித்து அளந்தார், என்னென்ன சாமான் எவ்வளவு வேண்டும் என்று சொன்னார். அவர் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே காண்ட்ராக்டரின் லாரி வந்து நின்றது. மரத்தை ஏற்றிப்போக ஆட்களோடு வந்திருந்தார். நான் போய் உத்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“எந்திரி தாயி. பழைய சாமான் எனக்குன்னுதான பேச்சு?”

“வேலைய முடிச்சுக் குடுத்தாத்தாண்ணே அந்தப் பேச்சு. எட்டாயிரத்துக்கு முடிச்சுக் குடுக்கிறீகளா, இப்பவே ஏத்திக்கங்க.”

“நான் இல்லாம இங்க யாரு வந்து கட்டுறான்னு பாக்கேன்.”

“பாருங்கண்ணே. ரோட்டு மேலதான வீடு இருக்கு, போறப்ப வாரப்பப் பாருங்க.”

அவர் வண்டியைத் திருப்பச் சொல்லும் வரை நான் உத்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.  லாரி காலியாகவே திரும்பிப் போனது. முன்பணத்துக்கு ஓடு பிரித்த கூலியும் அந்தச் செங்கலும் சரியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தேக்கு மரம் விற்ற பணத்தில் மொத்தக் கம்பியும் வந்து இறங்கியது.

அடுத்தது சிமெண்டு. பர்மிட் இருந்தால்தான் நியாய விலைக்குக் கிடைக்கிற காலம். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். “வீட்டுல ஆம்பள யாரும் வரலையாம்மா?” என்று ஒருவர் கேட்டார். “வருவாகய்யா, பனி மலையில காவல் முடிஞ்சதும்” என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். ஒரு வாரத்தில் என் பெயருக்கே பர்மிட் வந்தது. சிமெண்டு மூட்டைகளை அடுக்க இடமில்லாமல், நாங்கள் படுக்கும் இடத்திலேயே அடுக்கிவைத்து அதற்குப் பக்கத்தில் படுத்தோம்.

கொத்தனார் சுவரை உயர்த்தினார். சென்ட்ரிங் அடித்தாயிற்று, கம்பி கட்டியாயிற்று. ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கான்கிரீட் போட ஏற்பாடு. கொத்தனாரோடு ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். கலவை போடவும் சட்டி சுமக்கவும் உள்ளூர் ஆட்களைச் சொல்லி வைத்திருந்தேன். காலை வெயில் ஏறியும் ஒருவர்கூட வரவில்லை. விசாரித்தால், அந்த வீட்டு வேலைக்குப் போகிறவனுக்கு இனிமேல் தன்னிடம் வேலை கிடையாது என்று காண்ட்ராக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வயிற்றுப்பாட்டுக்காரர்கள் பயந்துவிட்டார்கள்.

மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. “ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாதுக்கா. அரையும் குறையுமாப் போட்டா தளம் அந்த எடத்துல வெடிச்சிரும். ஆளு இல்லாட்டி இன்னைக்கு விட்டுருவோம்” என்றார் கொத்தனார். விட்டால் சென்ட்ரிங் வாடகை ஏறும், மழை பிடித்துக்கொண்டால் சிமெண்டு மொத்தமும் கல்லாகிவிடும்.

அப்போது கடலை பிடுங்கப் போகிற பெண்கள் கூட்டமாக ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். ஓடிப்போய் வழியை மறித்தேன். ஊரார் முன்னால் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள், அன்று நடுரோட்டில் நின்று பேசினேன். “காட்டுல குடுக்கிற கூலிய விடக் கூடத் தாரேன். மதியம் சோறு போடுறேன். எனக்கு இன்னைக்கு ஒரு நாள் கை குடுங்க. உங்கள வேலைய விட்டு நிறுத்த அந்தாளால முடியாது. நீங்க ஒருநாளும் அந்தாளுக்கிட்ட வேல பாத்ததில்ல.”

 கூட்டத்தில் மூத்த பெண்மணி ஒருத்தி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். “கடல எங்கயும் ஓடிப் போகாது. வாங்கடி” என்றாள்.

அந்த நாளை எப்படிச் சொல்வது! கீழே கலவை புரண்டது. சாரத்தின் படிகளில் படிக்கு ஒருத்தியாக நிற்க, சட்டி கைக்குக் கை மாறி மேலே போனது. காலிச் சட்டி சரிந்து கீழே வந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்க்கிறேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையின் நடுவில் என் மாமியார்! “என்ன பாக்குற, சட்டியப் பிடி” என்று என்னையே அதட்டினார். பெண்கள் இத்தனை பேர் சுமப்பதைப் பார்த்து, முதலில் வர மறுத்த ஆண்களில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு வந்து மண்வெட்டியை எடுத்தார்கள். யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டைக்கூட ஆள் மாற்றி ஆள் மாற்றித்தான் சாப்பிட்டோம். கடைசிச் சட்டி மேலே போய், கொத்தனார் மட்டப்பலகையை இழுத்து நிமிர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மேகம் கருணை வைத்துத் தெற்கே ஒதுங்கிப் போயிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கல்யாண வீட்டில்கூட அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை. கூலியை என் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். வாங்கிய கைகளும் கொடுத்த கையும் ஒரே மாதிரி சிமெண்டில் வெந்து போயிருந்தன.

மறுநாள் மதியம் பிடித்தது மழை. தளம் நன்றாக இறுகிவிட்டிருந்தது. வெடிப்பு விடாமல் இருக்கப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிற வேலையை வானமே பார்த்துக்கொண்டது. கொத்தனார் கூரைக்கடியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சென்ட்ரிங் பிரித்த அன்று ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. காண்ட்ராக்டரும் வந்தார். சுவரைத் தடவினார், மூலைக்கு மூலை கண்ணை ஓட்டினார். ஒரு கீறல்கூட அவருக்கு அகப்படவில்லை. “யாரு இன்ஜினியரு?” என்று என் மாமியாரிடம் கேட்டார்.

மாமியார் என்னைக் கை காட்டினார். “எங்க வீட்டு மருமகதான். ஒங்களுக்கும் வீடு கட்டணும்னா சொல்லுங்க, வெலயக் கேட்டுச் சொல்லுவா.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால், அவர் முதலில் பேசிய எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை செலவு.

அடுத்த லீவில் வந்த கணவர் நடுவீட்டில் பையைக்கூட இறக்காமல் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் செய்ய வேண்டியத நீ செஞ்சிட்ட” என்றார். நான் செய்ய முடிந்ததை நான் செய்தேன் என்று சொல்லிவிட்டு அவருக்கு மோர் கரைக்கப் போனேன்.

சும்மா விட்டார்களா ஊரில்? அந்தச் சட்டி சுமந்த மூத்த பெண்மணிதான் முதலில் வந்தாள், அவள் மகனுக்கு அரசாங்கம் கொடுத்த இடத்தில் ஒரு அறை கட்ட. பிறகு ஒருவர் மாற்றி ஒருவர். அலங்காநல்லூர்க் கொத்தனாரும் நானுமாகச் சேர்ந்து எத்தனையோ வீடுகளுக்கு நின்றோம். எல்லா வீட்டுக்காரர்களிடமும் நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: கடைக்கு நீங்களும் என்னோடு வாங்க, விலையை உங்கள் காதால் கேளுங்க.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, படியேறினால் மூட்டு வலிக்கிறது. ஆனாலும் தெரியாத ஒரு கடை வாசலில், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது; ஏறிக் கேட்டுவிடம்மா, உள்ளே இருப்பது வெறும் விலை மட்டும்தான், அதைத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறவள் வேறு ஒருத்தி.