படையலில் வைத்த கேம்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன். வாரா வாரம் இந்தப் பத்தியில் நீங்கள் பொறுத்துக்கொள்வதுதான்... இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே கிறுக்கியிருக்கிறேன். காரணம் படித்தால் புரியும்.

என் தம்பி குமார் திடீரென்று இறந்துபோனான். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

சுங்காய் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் வந்தன. அதில் ஒன்றில்தான் குமாரும் அவன் மனைவி செல்வியும் இருந்தார்கள். நான் ஈப்போவில் டயர் கடையில் வேலை.

குமாருக்கு ஒரே பைத்தியம் — வீடியோ கேம். ஆலை வேலை முடிந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டுவான். நிஜ லாரி ஓட்ட லைசென்ஸ் கிடையாது!

"டிஸ்க்கா வாங்கி அடுக்கேன்டா. பாக்கவாவது அழகா இருக்கும்" என்பேன்.

"அட போங்கண்ணே. டிஸ்க்குன்னா கீறல் விழும், பூஞ்சை புடிக்கும். எனக்கு எல்லாம் டவுன்லோட்தான். நான் எங்க இருந்தாலும் என் அக்கவுண்டுக்கு வந்துடும் லா."

எங்க இருந்தாலும்... அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

எட்டாம் நாள், எட்டாம் துக்கத்துக்குப் படையல் போடவேண்டும். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்போம் அல்லவா? கோழிக்கறி, நாசி லெமாக், கறுப்பு பீர், நீலச் சட்டை என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. செல்வி திடீரென்று கேட்டாள்.

"மாமா, அவருக்குப் புடிச்சது சோறும் பீருமா? அந்த கேம்தானே?"

வீட்டில் தேடினோம். ஒன்றுகூட இல்லை! அத்தனை கேம் வைத்திருந்தவன் வீட்டில் கையால் தொட்டு எடுத்து வைக்க ஒரு பொருள் கிடையாது. எல்லாம் அந்த கேம் மெஷினுக்குள். மெஷினையே வைக்கலாமா? 'அவரு மெஷின யாரும் நகத்தக் கூடாது' என்று செல்வி சொல்லிவிட்டாள். அது அறை மூலையில் டிவிக்குக் கீழே ஆரஞ்சு விளக்கோடு தூங்கிக்கொண்டிருந்தது. அவன் கடைசியாக வைத்தபடி.

அந்த லாரி கேமின் இரண்டாம் பாகத்துக்காக அவன் மாதக்கணக்கில் காத்திருந்தான். அவன் இறந்த வாரத்தில்தான் அது கடைக்கு வந்தது. நான் ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். ஜீவா என்ற பையன் விற்றுக்கொண்டிருந்தான்.

"டிஸ்க்கா, கோட் நம்பராண்ணே?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். தெரியாததைக் கேட்க எனக்கு எப்போதுமே கூச்சம். பேசாமல் தலையை ஆட்டினேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பெட்டியைக் கொடுத்தான்.

மெஷின் இருந்த அந்த அறையிலேயே படையல் வைத்தோம். சூடம் காட்டினோம். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். வந்தவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். திறக்கும்போதும் சட்டென்று திறக்கக் கூடாது. தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் எழுந்து போக நேரம் வேண்டாமா?

செம்பனை மட்டைகள் உரசுவது மட்டும் கேட்டது.

அப்போது அறைக்குள்ளிருந்து 'பிப்' என்று ஒரு சத்தம்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "கரண்டு போய் வந்திருக்கும்" என்றார் யாரோ. எங்கள் தலைக்கு மேல் ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

தட்டினேன். திறந்தேன். சோறு அப்படியே இருந்தது. பெட்டியின் உறையும் அப்படியே. மெஷினில் ஆரஞ்சு விளக்கு, கேம் ஓடும்போது எரிவதுபோல, வெள்ளையாகியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஆரஞ்சாகிவிட்டது.

சில நாள் கழித்துச் செல்வி ஈப்போவுக்கு வந்தாள். கையில் பெட்டி. உறையைப் பிரித்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"உள்ள டிஸ்க்கே இல்ல மாமா. ஒரு காயிதம்தான் இருக்கு. காலிப் பெட்டியவா அவருக்குப் படைச்சோம்? ஆசையா வந்து தொறந்து பாத்திருப்பாரே..."

அவன் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. நேராகக் கடைக்கு அழைத்துப் போனேன்.

"காலி இல்லக்கா" என்றான் ஜீவா. "இப்பல்லாம் பாதி கேம் இப்படித்தான். இந்த காயிதத்துல வெள்ளிப் பூச்சுக்குக் கீழ கோட் நம்பர் இருக்கும். அதத் தட்டுனா கேம் அக்கவுண்டுக்கு வந்துடும். சுரண்டவே இல்லியே நீங்க?"

அவனே காசால் சுரண்டினான். அவன் போனிலேயே தட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னப்பா?"

"ஏற்கெனவே யூஸ் பண்ணியாச்சுன்னு வருதுண்ணே."

"யாரு?"

"அதான் தெரியல... பூச்ச இப்பதானே நானே சுரண்டுனேன்?" காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சிஸ்டம் எரரா இருக்கும். வேற மாத்தித் தரேன்க்கா. எதுக்கும் வீட்டு மெஷின்ல பாருங்க. அதுல ஏறியிருந்தா தெரிஞ்சிடும்."

செல்வி அவன் கையிலிருந்து காகிதத்தை மெதுவாக வாங்கினாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"மாத்த வேணாம் தம்பி. சேர வேண்டிய ஆளுக்குச் சேந்துடுச்சு."

வெளியே வந்ததும், "பசிக்குது மாமா" என்றாள். பக்கத்துக் கடையில் மீ கோரெங் வாங்கிக் கொடுத்தேன். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத்தான் இறங்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள் — வீட்டு மெஷினைப் போட்டுப் பார்த்தீர்களா என்று. நானும் கேட்டேன். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், விஷயம் தெரிந்துவிடும்.

"தட்டாம எப்படி மாமா தொறக்கிறது?" என்றாள்.

அவள் அதைப் போடவும் இல்லை, ப்ளக்கைப் பிடுங்கவும் இல்லை. அந்த அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. கீழ் இடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். சில சமயம் வெள்ளையாகத் தெரிகிறதாம்.

டவுன்லோடில் வாங்கியது நம் பொருளே இல்லை, கையில் இருந்தால்தான் நம்முடையது என்று பேசிக்கொண்டிருந்தவன் நான். செத்தவன் வாங்கிய கேமை யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது என்கிறார்கள். அவனோடு சரி. அவனோடு சரி என்றால்... உண்மையாகவே அவனோடுதானோ?

இன்றைக்கு மறுபடி படையல். இந்த முறை கூச்சப்படாமல் கேட்டே வேறொரு கேமை டிஸ்க்காக வாங்கி வருகிறேன் என்று போனில் சொன்னேன். செல்வி அவசரமாக மறுத்தாள்.

"வேணாம் மாமா! டிஸ்க்குன்னா இங்கயே கெடக்கும். கோட் நம்பரே வாங்கியாங்க. அதுதான் போய்ச் சேரும்."

வாங்கி வந்துவிட்டேன். சூடம் காட்டியாயிற்று. வெளியே உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். அதனால்தான் இந்தக் கிறுக்கல்.

கதவைச் சாத்திவிட்டாள்.

ஆடி அமாவாசை, மாலை.