என் காலுக்குள் ஒரு மேஸ்திரி

உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி மழைக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தவள், அப்படியே சறுக்கி வந்து வரப்பில் விழுந்தேன். கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு வருஷம், ஐப்பசி தொடக்கம். விழுந்ததைவிட, விழும்போது நான் போட்ட சத்தத்துக்குத்தான் உப்பளத்தில் எல்லோரும் பயந்தார்களாம். இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு விட்டுப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். பிரித்த டாக்டரம்மாவுக்கு என் மருமகள் வயதுகூட இருக்காது.

"எலும்பு கூடிடுச்சு ஆயா. இனிமே கொஞ்சங்கொஞ்சமா ஊனி நடங்க."

நானும் மருமகளும் நன்றாகத் தலையாட்டினோம். திரும்பி வரும் பஸ்ஸிலேயே, நடக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டோம். எங்களுக்குத் தெரிந்தது உப்பு. பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கிவிட்டால் ஒருவரும் கால் வைக்க மாட்டோம். கலக்கினால் உப்போடு சேறும் வரும். எலும்பும் வெள்ளைதானே, அதுவும் இப்போதுதானே பூக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அவ்வளவு பத்திரமாக இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. தை கடைசியில் பாத்தி மிதிப்பு. மழைத்தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்துவிட்டு, தரை கெட்டியாகும்வரை எட்டுப் பெண்கள் வரிசையாக மிதிப்போம். அந்த வரிசையில் கிழக்கு ஓரம் முப்பது வருஷமாக என் இடம். எங்களுக்கெல்லாம் வேலை சொல்லும் மேஸ்திரி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்: "மிதிப்புக்கு வரலேன்னா வேற ஆள நிறுத்திடுவேன் ஆயா." ஒரு தடவை இன்னொருத்தி நின்றுவிட்டால் அப்புறம் அது அவள் இடம்தான்.

ஆகவே மார்கழி முழுவதும் கட்டில். மருமகள் காவல்.

"அத்தை, காலு கீழ வந்துச்சி. மேல தூக்கு."

"கொல்லைக்குப் போவணும்டி."

"இரு, நான் தூக்கினு போறேன்."

என்னைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மீன் குழம்பும் கேழ்வரகு அடையும் தின்று நான் பெருத்தேன். கால் மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

பொங்கலுக்கு முன்னால் மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஆயா, நடந்தீங்களா?"

"ஒரு அடி வெக்கலமா. கோயில் செலையாட்டம் வெச்சினு இருந்தேன்." எனக்கு அதில் பெருமை வேறு.

"அதான் எலும்பு எளைச்சிருக்கு. எலும்புன்னா கல்லுன்னு நெனச்சீங்களா? உள்ள முழுக்க உசுருள்ள அணு இருக்கு. அதுல ஒரு வகை காவல் பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க ஊனினா, பாரம் வருதுன்னு அதுக்குத் தெரியும். கட்டற அணுவுக்குச் சேதி அனுப்பும், 'சுண்ணாம்பு வையி'ன்னு. ஊனவே இல்லேன்னா, அரிக்கற அணுவுக்குச் சேதி போயிடும்."

"இன்னான்னு?"

"'இந்த எலும்ப யாரும் பொழங்கல, பிரிச்சி எடு'ன்னு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் காலுக்குள்ளும் ஒரு மேஸ்திரி! மருமகள் பக்கம் திரும்பினேன். "கேட்டியாடி? ஒரு மாசமா நீ மீன் கொழம்பு ஊத்தனது இடிக்கறவனுக்கு."

"நீதானே அத்தை உப்பு பூக்குதுன்ன!"

என்ன உப்பு என்று டாக்டரம்மா கேட்க, மருமகள் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். சிரித்து முடித்துவிட்டு டாக்டரம்மா கேட்டாள்: "அது சரி ஆயா, பாத்தித் தரைய எப்படிக் கெட்டி பண்ணுவீங்க?"

"மிதிச்சி மிதிச்சிதான்..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாகத் தரை மிதித்தவளுக்கு, எலும்பைப் போய் உப்பென்று நினைக்கத் தோன்றியிருக்கிறது. அது தரை அல்லவா?

"முட்டி கூட நறநறங்குதுமா. அதையும் மிதிச்சா சரியாவுமா?"

"முட்டியில இருக்கறது குருத்தெலும்பு. அதுக்கு ரத்தம் வராது, நடக்கும்போது அமுங்கி விரிஞ்சிதான் தீனி எடுத்துக்கும். ஆனா சொமை மிஞ்சினா அங்கயும் அரிக்கற சேதி போயிடும். நடங்க, மிதிங்க. உப்புக்கூடை மட்டும் தூக்காதீங்க."

அன்றைக்கே தொடங்கினேன். முதல் நாள் கட்டிலிலிருந்து அடுப்பு வரை. பொங்கலுக்குக் கோயில் வரை. ஒவ்வொரு அடிக்கும், "டேய் மேஸ்திரி, ஆளு வந்துக்கிறேன், பாத்துக்க" என்று காலைப் பார்த்துச் சொல்வேன். தெருவில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

மிதிப்பு நாளில் ஊன்றுகோலோடு போனேன். கிழக்கு ஓரத்தில் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பெண் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

"இன்னா ஆயா, மூணு காலோட வந்துக்கிற?" என்றான் மேஸ்திரி.

கோலை மருமகள் கையில் கொடுத்தேன். "அந்தப் பொண்ண மேற்கால நகத்து. ஒரு பாத்தி மிதிக்கிறேன். கெட்டியாவலேன்னா நானே வூட்டுக்குப் போயிடறேன்."

வெயில் ஏறும்வரை மிதித்தோம். நான் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் போனேன். முடித்ததும் மேஸ்திரி நேராக என் ஓரத்துக்கு வந்து, குதிகாலை ஊன்றித் திருகினான். குழி விழுந்தால் மறுபடி மிதிக்க வேண்டும். விழவில்லை. இரண்டடி தள்ளி இன்னொரு முறை திருகினான்.

"நாளைக்கி வெள்ளென வந்துடு," என்றான்.

சாயங்காலம் கால் விண்விண் என்றது. மருமகள் வெந்நீர் கொண்டுவந்தாள்.

"வலிக்குதா அத்தை?"

"வலிக்குதுடி. ஆனா இது கட்டறவன் வேலை."