கடல் கரிக்காத நாட்கள்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த ஆடி மாதத்தில், கடல் கரிப்பதை நிறுத்திக்கொண்டது. பெசன்ட் நகர் கரைக்கு வந்துபோன அத்தனை பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அலை முகத்தில் அடித்துவிட்டுப் போனதும் உதட்டை நக்கிப் பார்ப்பேன். குழாய்த் தண்ணீர் போல இருக்கும்.

அந்த வருடம்தான் எனக்குப் பல்லில் கம்பி கட்டினார்கள். எங்கள் வீடு ஊரூர் குப்பத்தில், மணலிலிருந்து மூன்றாவது சந்து. நைனா படகில் போவார். அம்மா காலையில் மீன் விற்பாள். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் கடற்கரையில் தள்ளுவண்டி போட்டு மீன் வறுப்பாள். பல்லுக்குக் கம்பி கட்டுவது என்பது எங்கள் சந்தில் யாரும் யோசித்துப் பார்த்த விஷயமில்லை. பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாம் நடந்தபோது, பல் மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் அக்கா என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வெகுநேரம் மூடவிடவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்த என் மேல்வரிசையைப் போல ஒரு வரிசையைத்தான் அவர் தன் பரீட்சைக்காகத் தேடிக்கொண்டிருந்தாராம். வைத்தியம் முழுவதும் கல்லூரியிலேயே, தன் பொறுப்பிலேயே நடக்கும் என்று சொல்லி அம்மாவைச் சம்மதிக்கவைத்தார். என் வாயைப் பார்த்து இன்னொருவர் பாஸாகப் போகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டாயிற்று.

கம்பி கட்டி ஒரு மாதத்தில் ஈறு வீங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் ஏதோ ஒரு பருக்கை கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. டாக்டர் அக்கா, கம்பி போட்டவர்களுக்கென்றே இருக்கும் ஒரு பற்பசையும், இடுக்கில் நுழைகிற சின்ன பிரஷ் ஒன்றும், கிருமியைக் கொல்லும் மவுத்வாஷ் ஒரு பாட்டிலும் கொடுத்தார். மவுத்வாஷைக் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இரண்டு வாரம் மட்டும்தான் என்று இரண்டு விரலைக் காட்டிச் சொன்னார். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ரோஜா நிறத்தில் இருந்தது.

அதை வீட்டு ஜன்னலில் வைத்தேன். காலை வெயில் அதன் வழியாகப் புகுந்து எதிர்ச்சுவரில் ஒரு ரோஜா நிற நிழலை விழவைக்கும். நான் பாயில் படுத்தபடி அது சுவரில் மெல்ல நகர்வதைப் பார்ப்பேன். கொப்பளித்து முடித்ததும் வாய்க்குள் ஒரு குளிர்ந்த அறை திறந்துகொண்டது போல இருக்கும். வாயைத் திறந்தபடியே சந்தில் நடப்பேன். கடற்காற்று உள்ளே போய்ப் பல்லின் கம்பிகளைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கருவாடு காயும் வாசமும், வலையின் வாசமும், டீசல் வாசமும் கலந்த அந்தச் சந்தில் நான் மட்டும் வேறு ஏதோ ஊரில் நடந்துகொண்டிருப்பேன்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் கம்பி போட்டிருந்தாள். பெசன்ட் நகர் அடுக்குமாடியிலிருந்து வருகிறவள். இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு, யாருக்கு எந்த நிற ரப்பர் வளையம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருநாள் அப்படி முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தபோது அவள் மூக்கைச் சுருக்கினாள்.

“உங்கிட்ட எப்பவும் மீன் ஸ்மெல் வருது இல்ல?” என்றாள்.

கேலி இல்லை. மழை வரும் போலிருக்கிறதே என்பதைப் போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு புதினா மிட்டாயும் கொடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு சிரித்தேன். மதியம் வரை வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வேளை ஐந்து வேளையாயிற்று. எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும்போது, வந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில், படுக்கும் முன். பாட்டில் சீக்கிரமே தீர்ந்தது. டாக்டர் இன்னொன்று வாங்கச் சொன்னதாக நைனாவிடம் பொய் சொன்னேன். நடுவில் தீர்ந்துபோனால் பிள்ளைக்குப் பேஜாராகிவிடும் என்று அவர் இரண்டாக வாங்கிவந்தார். இப்போது சுவரில் இரண்டு ரோஜா நிழல்கள்.

கடல் மாறியது அதற்குப் பிறகுதான். ஒரு மத்தியானம் முழங்கால் நீரில் நின்றிருந்தபோது அலை என்னைக் கீழே தள்ளியது. வாய் நிறையத் தண்ணீர். துப்பப் போனவள் அப்படியே நின்றேன். கரிக்கவில்லை. கையால் அள்ளி இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். எங்கோ தொலைவில் ஒரு துளிக் கசப்பு, அவ்வளவுதான். வெயில் தண்ணீர்மேல் தகதகவென்று கிடந்தது. இந்தப் பெரிய கடல் யாருக்கும் தெரியாமல் என்னிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டது போல இருந்தது. படகடியில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த நைனாவிடம் ஓடினேன்.

“நைனா, கடல்ல உப்பே இல்ல.”

அவர் தலை நிமிரவில்லை. “ஆத்துத் தண்ணி வந்து கலந்துக்கினு கீது போல. நீ குடிச்சிக்கினு கெடக்காத, ஜுரம் வரும்” என்றார்.

அடையாறு கடலில் சேரும் இடம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். அதனால் அவர் சொன்னதை நம்பினேன். அடையாறு இரவும் பகலும் வந்து வந்து கடலைக் கழுவிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அதில் மீன் வாசம்கூட இருக்காது. அப்புறம் எங்கள் குப்பத்தில் யார்மேலும் அந்த வாசம் அடிக்காது. பாயில் கிடந்து இதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். சோறும் குழம்பும்கூடச் சப்பென்றுதான் இருந்தன. அம்மா விரதத்தில் இருப்பதால் உப்பைக் குறைத்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

விரதம் எங்கள் குப்பத்து அம்மனுக்கு. ஆடி முடியும்வரை அம்மா மஞ்சள் புடவைதான் கட்டுவாள். மீனை விற்பாள், வறுப்பாள், ஆனால் நாக்கில் வைக்க மாட்டாள். மீனுக்குத் தடவும் மசாலாவைக்கூடச் சுவைத்துப் பார்க்க மாட்டாள். அந்த வேலை எனக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் நல்ல கூட்டம். வேளாங்கண்ணி கோயிலிலிருந்து வந்தவர்கள், பலூன் பிடித்த குழந்தைகள், காலை நனைத்துக்கொண்டு நிற்பவர்கள். அம்மா பெரிய தட்டில் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் எலுமிச்சைச் சாறும் கலந்து என் முன்னால் நீட்டினாள்.

“உப்பு பாரு.”

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். “பத்தலைம்மா.”

இன்னொரு கை போட்டாள். “இப்போ?”

“இன்னும் கொஞ்சம்.”

அம்மா ஒரு நொடி தயங்கினாள். அளவுக்கரண்டி எல்லாம் அவளிடம் கிடையாது. இருபது வருடமாக அவள் கை தப்பியதே இல்லை. ஆனால் அன்று தன் கையைவிட என் நாக்கை நம்பினாள். மூன்றாவது முறையும் போட்டாள். வஞ்சிரமும் சங்கராவும் அந்த மசாலாவில் புரண்டு ஊறின.

முதல் தட்டு ஒரு குடும்பத்துக்குப் போனது. அவர்களுடைய குழந்தை வாயில் வைத்ததும் துப்பி அழுதது. அடுத்த தட்டை வாங்கியவர் திரும்பி வந்து, “என்னம்மா இது, வாய்லயே வெக்க முடியலை” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, “என் கை தவறிடுச்சுங்க” என்றாள். என் பெயரைச் சொல்லவே இல்லை. பிறகு ஒரு துண்டை எடுத்து என்னிடம் தந்தாள்.

நான் சாப்பிட்டேன். “நல்லாத்தானேம்மா கீது?” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கல்லிலிருந்து ஒரு விள்ளல் மீனைக் கிள்ளித் தன் வாயில் வைத்தாள். மஞ்சள் புடவையோடு, விரதத்தோடு. அடுத்த நொடி மணலில் துப்பினாள். என் தாடையைப் பிடித்து, வண்டி விளக்கின் கீழ் இழுத்து, “வாயத் தொற” என்றாள். கம்பியைச் சுற்றிப் பற்கள் பழுப்பேறியிருந்தன. நாக்கு காப்பிக் கறை படிந்தது போல இருந்தது. மீன் தட்டு முழுவதையும் அப்படியே மூடிவைத்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் காலை அவள் மீன் எடுக்கப் போகவில்லை. என்னைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அக்கா பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். எத்தனை வேளை கொப்பளிக்கிறாய் என்று கேட்டார், ஐந்து என்றேன். மவுத்வாஷ் அளவுக்கு மீறினால் நாக்குக்கு உப்புத் தெரியாமல் போகும், பல்லில் கறை படியும், நிறுத்தினால் தானாகச் சரியாகும், கறையைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்றார். நோய் ஒன்றுமில்லை என்றதும் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“ரெண்டு வேளைன்னுதானே சொன்னேன்? எதுக்கும்மா அஞ்சு வேளை?” என்று கேட்டார் டாக்டர் அக்கா.

“மீன் வாசம் வருதுன்னு சொன்னாங்கக்கா. அம்மாகிட்டருந்து ஒட்டிக்கினு வருது. நல்லா கழுவிக்கினா போயிடும்னு நெனச்சேன்.”

கேட்டதற்குப் பதில் சொன்னோம் என்கிற நிம்மதியோடு நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா அலமாரியில் வரிசையாக வைத்திருந்த சுண்ணாம்புப் பல் அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பல்லுக்கு ஒண்ணும் ஆவாதில்ல மேடம்?” என்று மட்டும் கேட்டாள். ஆகாது என்றார் அவர். திரும்பும் வழியில் அம்மா அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விரதத்தை முதல் நாளிலிருந்து தொடங்கினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரத்துக்குள் கஞ்சியில் உப்பு தெரிந்தது. அதற்கடுத்த நாள் கடலும் கரித்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. டாக்டர் அக்கா பின்னாளில் என் பல்லைப் படம் எடுத்துப் பரீட்சையில் காட்டிப் பாஸானார்.

செப்டம்பரில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அம்மா அன்று மீன் எடுக்கப் போகவில்லை. இரண்டு முறை குளித்து, பெட்டியிலிருந்த புடவையைக் கட்டி, நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் அவ்வளவு அழகாக வந்த அம்மா வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. எங்கள் முறை வந்தது. மற்ற பெற்றோர் மிஸ்ஸுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். அம்மா மேஜைக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள்.

“கிட்ட வாங்கம்மா, உக்காருங்க” என்றார் மிஸ்.

“பரவால்ல மிஸ். நீங்க சொல்லுங்க, எனக்கு இங்கிருந்தே கேக்குது.”

கையெழுத்துக்காக மட்டும் எட்டிக் கையை நீட்டினாள். போட்டதும் மறுபடி பின்னால் போய்விட்டாள். என் பெஞ்சுத் தோழியின் அம்மா பக்கத்தில் வந்து நின்றபோது, ஜன்னலோரமாக இன்னும் ஓரடி நகர்ந்தாள். மீன் ஏலத்தில் பத்து ஆண்களை எதிர்த்துக் குரல் கொடுக்கிற என் அம்மா, ஒரு மிஸ்ஸுக்கு இவ்வளவு பயப்படுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் நைனாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன், அம்மா நின்றது போலவே நின்று காட்டி.