அவர் குரல் நின்றுபோன காலை

என் கணவருக்கு நரம்பு நோய் வந்து கைகால்கள் விழுந்த பிறகு, பேச்சும் போய்விடும் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். அவர் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மென்பொருள் பொறியாளர். பேச முடிந்த கடைசி மாதங்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாகத் தன் குரலைப் பதிவு செய்தார். அதை ஒரு லினக்ஸ் கணினியில் ஏற்றி, கண்ணசைவைப் பின்தொடரும் கேமரா ஒன்றை மாட்டி, திரையில் எழுத்துகளைப் பார்த்தாலே தன் குரலில் பேசும்படி அமைத்துக்கொண்டார். நாக்கு அசையாமல் போன பிறகும், "காத்தாடி வேகத்த கொஞ்சம் கொறை" என்று கட்டிலிலிருந்து அவர் குரல் வரும். அடுப்படியில் நிற்கும் எனக்குப் பல நேரம் நோயே மறந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை கணினியை அப்கிரேட் செய்யச் சொன்னார். கடவுச்சொல்லை மட்டும் நான் தட்டினேன். எல்லாம் முடிந்து கணினி அணைந்து திரும்ப எழுந்தபோது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்' என்றிருந்தது. மறுபடி போட்டாலும் அதே இடத்தில்தான் நின்றது.

நான் ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். கெர்னல் என்றால் கணினியில் முதலில் எழுவது, அது எழாவிட்டால் வேறொன்றும் எழாது என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் பக்கத்திலேயே படுத்திருந்தார், வாயில்லாமல். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. அவ்வளவுதான் மிச்சம்.

திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டினேன். டிஸ்க் கெட்டுப்போச்சா என்று கேட்டேன். கண்ணை மூடினார். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஆங்கில எழுத்துகளை ஏ, பி, சி என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். 'ஈ'யில் கண் மேலே போனது. மறுபடி முதலிலிருந்து. 'எஸ்'. மறுபடி. 'சி'. விசைப்பலகை மூலையில் இருக்கும் எஸ்கேப் பொத்தான். கணினி எழும்போது அதை அழுத்தினேன். ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பழைய கெர்னல் பெயர் வந்ததும் கண் தூக்கினார். அவர் கன்னத்தில் நீர் வழிந்திருந்தது. துடைத்துவிட்டு அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன்.

கணினி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது: "அணைச்சிடாத. இன்னும் முடியல."

கணினி எழுவதற்கான கோப்புகளுக்கென்று டிஸ்கில் ஒதுக்கியிருந்த சிறிய இடம் பழைய கெர்னல்களால் நிரம்பிப் போயிருந்ததாம். புதியது பாதி மட்டும் பதிவாகி நின்றுவிட்டதாம். அவர் கண்ணால் எழுதிய கட்டளைகளைப் பார்த்து நான் தட்டினேன். பழையவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கினோம், புதியதை மறுபடி முழுதாக நிறுவினோம். இம்முறை நேராகவே எழுந்தது.

நான் சிரித்தேன். அவர் வெகுநேரம் எழுதினார்.

"நான் போன பிறகு இத அப்கிரேட் பண்ணாத."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"நின்னு போச்சுன்னா யாரு கண்ணப் பாத்து சரி பண்ணுவ? அப்படியே விட்டுடு லா."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே கட்டிலைச் சுற்றி ஏகப்பட்ட இயந்திரங்கள். எங்கள் கணினியை வைக்க இடமில்லை. எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே கண் அயர்ந்துவிடும். அங்கேயே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப்போன பிறகு, ஒரு மத்தியானம் கணினியைப் போட்டு, விசைப்பலகையில் 'சாப்பிட்டியா' என்று தட்டினேன். அவர் குரல் அப்படியே கேட்டது, கடைசி எழுத்தை அவர் இழுக்கும் இழுப்புகூட. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தானே. சாப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.